முத்துக்குமரன் சந்நிதியில் வந்த குரல்

சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீஸ்வரன்கோயிலில், செல்வமுத்துக்குமார சுவாமி சந்நிதியின் முன்பு, என் தம்பி கந்த சஷ்டிக் கவசத்தைப் பாடினான். விபத்து நடந்து நான்கு மாதங்கள் கடந்திருந்தன. அதுவரை அவன் வாயிலிருந்து வந்த ஒரே சொல் ‘வா’ என்பதுதான். பசித்தாலும் ‘வா’, வலித்தாலும் ‘வா’. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, ஒரு புதன்கிழமை காலையில் அவனை அழைத்துச் சென்றிருந்தோம். சந்நிதியில் வயதான அம்மையார் ஒருவர் கவசத்தைப் பாராயணம் செய்துகொண்டிருந்தார். கேட்டபடி நின்றவன், சில அடிகளுக்குப் பின் அவரோடு சேர்ந்துகொண்டான். உச்சரிப்பு குழறிற்று, மெட்டு குழறவில்லை. தம்பியின் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “முருகன் பேச வைத்துவிட்டான்” என்று அருகில் நின்ற ஒருவர் கைகூப்பினார்.

வெளியே வந்ததும், “காபி சாப்பிடுகிறாயா, டீயா?” என்று கேட்டேன். என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, “வா” என்றான்.

அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கேட்டதைக் கொடுத்த பின், வட்டியும் சேர்த்துக் கேட்டவனைப் போல் முருகனிடம் கோபித்துக்கொண்டேன். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு அந்தப் புத்தி எளிதில் போவதில்லை.

தம்பி மளிகைக் கடைக்காரன். இருநூறு பொருள்களின் விலை அவன் நாக்கு நுனியில் நிற்கும். ஒருநாள் இரவு கடையைப் பூட்டிவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பும்போது, குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்க முயன்று விழுந்தான். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. 108 வண்டியில் தஞ்சாவூருக்குக் கொண்டு சென்றார்கள். நினைவு நிலையை மூன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்டு அளக்கும் முறை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1974ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம் என்று பொருள். தம்பிக்கு ஆறு. மண்டையோட்டின் இடப்புறத்தில் ஒரு பகுதியை அகற்றி, உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கிற்று. வலக்கை தளர்ந்தது; பேச்சு போயிற்று.

பாடுகிறவன் ஏன் பேசவில்லை? பேச்சுப் பயிற்சி அளிக்க வந்த பெண்ணிடம் கேட்டேன். என் மகளைவிட இளையவர். பெரும்பாலானோர்க்குப் பேச்சுக்குரிய இடம் மூளையின் இடப்பாதியில் இருக்கிறது என்றும், மெட்டும் நெடுநாள் மனப்பாடமும் வேறு வழிகளையும் பற்றிக்கொண்டு வரக்கூடும் என்றும் விளக்கினார். பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861ஆம் ஆண்டு கண்ட நோயாளி ஒருவர், எதைக் கேட்டாலும் ‘தான்’ என்ற ஒலியையே சொன்னாராம். அதற்கும் முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டில், சுவீடனில் பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடியதாகக் குறிப்பு உண்டு. நாடும் சமயமும் வேறு, நிகழ்ந்தது ஒன்றே. இதை அறிந்த பின் சந்நிதியில் நடந்தது எனக்குச் சிறிதும் குறைந்துவிடவில்லை. சிறுவயதில் எங்கள் தாயார் விளக்கு வைத்த பின் நாள்தோறும் சொல்லிக் கொடுத்தது, மற்றதெல்லாம் இடிந்த பின்னும் நின்றிருக்கிறது. அதை அருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கவசம் ஒரே மாலையாகத்தான் வரும். நடுவில் நிறுத்தினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். ஒரு பூவைத் தனியே பறித்துத் தர அவனால் இயலவில்லை. அந்தப் பெண் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ‘தண்ணி வேணும்’ என்பதை உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் இரண்டு சுரங்களில் அமைத்து, ஒவ்வோர் அசைக்கும் அவனுடைய இடக்கையை மெல்லத் தட்டியபடி, கூடவே பாடினார். 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவான பயிற்சி முறையாம். நாளைக்கு இருபது நிமிடம். மறுபடி மாலையில் இருபது நிமிடம். ஏழாவது வாரம் தம்பி அந்த இரண்டு சொற்களைப் பாடாமல் சொன்னான்.

இதற்கிடையே நான் செய்த தவறு ஒன்று உண்டு. சொல்லை விரைவில் வரவழைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில், தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, “தண்ணி என்று சொல், தருகிறேன்” என்றேன். மூன்று முறை முயன்றான். பிறகு குவளையைத் தட்டிவிட்டான். என்னை அடிக்கவும் கையோங்கினான். வாழ்நாளில் என்னை எதிர்த்துப் பேசாதவன். பயிற்சி அளித்த பெண் என்னைக் கண்டிக்கவில்லை. “தாகத்துக்கு முதலில் தண்ணீரைக் கொடுங்கள் ஐயா. சொல் பிறகு வரட்டும்” என்று மட்டும் சொன்னார். மூளைக் காயத்துக்குப் பின் சினம் அடங்காமல் எழுவதும், சிறு வேலைக்கே சோர்ந்து போவதும் காயத்தின் பகுதிதான் என்று பின்னர் அறிந்தேன். குக்கர் விசில், தொலைக்காட்சித் தொடர், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, இவை சேர்ந்தால் மாலையில் அவன் நிலை தடுமாறும்.

பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். “நான் யார், தெரிகிறதா?” என்று கேட்காதீர்கள். வந்தவர் அனைவரும் அவனைத் தேர்வெழுத வைத்தார்கள். பெயரைச் சொல்லி, உறவைச் சொல்லி, அருகில் அமர்ந்தாலே போதும்.

அதைவிடக் கடுமையான தவறொன்றும் எங்கள் வீட்டில் நடந்தது. கிருத்திகை விரதம் அவன் விடாமல் இருந்து வந்தது. உடல் தேறி வருகிறதே என்று அன்று அவனும் பட்டினி இருந்தான். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று வலிப்பு மாத்திரையையும் கொடுக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வலிப்பு வந்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ பல்லிடையே கரண்டியை வைக்க முயன்றார்கள். இரண்டும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென்று எதையாவது வைத்து, நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடிபட்ட தழும்பிலிருந்து மாதங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு. இப்போது கிருத்திகையன்று அவனுக்காக நான் விரதம் இருக்கிறேன்.

எல்லோரும் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். அவன் மனைவியிடம் பரிகாரப் பட்டியல் கொடுத்தார்கள். “நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டவர் குறைவு. அவள் கடையையும் பார்த்தாள், அவனைக் குளிப்பாட்டினாள், இரவில் விழித்திருந்தாள். ஒருநாள் என்னிடம், “மாமா, அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் அவரைத் தேடுகிறேன்” என்றாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. செவ்வாய், வெள்ளி இரு நாள்களும் மாலையில் கல்லாவில் நான் அமர்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு மணி நேரம் அவள் தனியாகக் கோயிலுக்குப் போவாள். அங்கே வேண்டிக்கொள்கிறாளா, தூணோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

என் தொழிலைச் சார்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைக் கணக்கு தம்பியின் பெயரில் மட்டும் இருந்தது. அவனோ கையெழுத்திட இயலாதவன். சுயநினைவோடு இருந்து கையெழுத்து மட்டும் இட முடியாத கணக்குதாரர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க விதி இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். நினைவு திரும்பும் வரை கடைச் சரக்குக்கு நான் கைமாற்றுக் கொடுத்தேன். அண்ணன் இல்லாத வீடுகள் என்ன செய்யும்? கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்கு வைத்திருப்பது நன்று.

இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. தம்பி தடியூன்றி நடக்கிறான். அறுபது, எழுபது சொற்கள் திரும்பியிருக்கின்றன. சில நேரம் இடம் மாறி வருகின்றன. சென்ற மாதம் என்னை ‘அண்ணி’ என்று அழைத்தான். நான் திருத்தவில்லை, அவனே உணர்ந்து சிரித்தான். காலையில் இரண்டு மணி நேரம் கடையில் அமர்ந்து, இடக்கையால் கடுகும் சீரகமும் பொட்டலம் கட்டுகிறான். உளுந்தின் விலையைக் கேட்டால் விலைப் பலகையைக் காட்டுவான். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. பலகையைப் பார்த்து அவர்களே உரக்கப் படிக்கிறார்கள், அவனும் கூடச் சேர்ந்து சொல்கிறான்.