கணிப்பொறிச் சோதனையில் பதிலாளின் கண்டிப்பு



நாடக ஒத்திகை நடக்கும் நாளில் முக்கிய வேடம் ஏற்றவளுக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? பக்கத்தில் சும்மா நிற்கும் ஒரு சிறுமியைப் பிடித்து, "மக்ளே, இண்ணைக்கு அவளுக்குப் பதிலா நீ நில்லு" என்போம். அவளும் நிற்பாள். ஒத்திகை நடந்துவிடும். ஆனால் அந்தப் பதிலாள் எப்படி நின்றாள் என்பதைப் பொறுத்துத்தான் ஒத்திகையால் பயன் உண்டா இல்லையா என்பது அமையும்.

சிறுவயதில் நான் நடித்த ஒரு திருவிழா நாடகம் நினைவுக்கு வருகின்றது. சாலமோன் அரசனின் தீர்ப்பு. எனக்குச் சேவகன் வேடம். இரண்டாம் தாய் பேசி முடித்ததும் நான் வாளோடு வந்து அரசர்முன் மண்டியிட வேண்டும். அவ்வளவே என் பங்கு. சாலமோனாக நடிக்கவேண்டிய அக்காள் ஊரில் இல்லாததால், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யார் என்ன சொன்னாலும் "ம்" என்று தலையை ஆட்டுவாள். அட்டை வாள் அப்போது தயாராகவில்லை. நான் தினமும் வெறுங்கையோடு வந்து மண்டியிடுவேன். அவளும் "ம்" என்பாள். திருவிழா இரவில் உண்மையான சாலமோன் வந்து, வாளுக்காகக் கையை நீட்டினாள். வாள் மேடைக்குப் பின்னால் இருந்த பெட்டியில் பத்திரமாக இருந்தது! கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கின்றது.

அடுத்த ஆண்டு பாடம் கற்றோம் என்று எண்ணி, ஒரு பெரிய அக்காளைப் பதிலாளாக்கினோம். அவர் நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டார். "அரசே" என்று எழுதியிருக்க "மன்னா" என்று யாராவது சொல்லிவிட்டால் முதற்காட்சியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பத்து நாள் ஒத்திகையில் இரண்டாம் காட்சியைத் தாண்டவில்லை.

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒரு பெரிய புரோகிராம் பல சிறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிப்பதை யூனிட் டெஸ்ட் என்பார்கள். நம் கடற்கரையில் வள்ளத்து எஞ்சினைப் பழுது பார்த்தவர், அதைக் கடலுக்குக் கொண்டு போகுமுன் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சினைத் தனியே பார்க்க வேண்டும். ஆனால் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே டிரம் கடலுக்குப் பதிலாளாகிறது. அதுபோலவே, ஒரு புரோகிராம் பகுதி மற்றப் பகுதிகளோடு பேச வேண்டியிருந்தால், சோதனையின்போது அவற்றின் இடத்தில் ஒரு பதிலாளை நிறுத்துவார்கள். இந்தப் பதிலாளுக்குத்தான் 'மாக்' என்று பெயர். லண்டனில் பணிபுரிந்த டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் என்னும் மூவர் இம்முறையை 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதி, இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நடந்த மாநாட்டில் அளித்தனர்.

உண்மையானதையே வைத்துச் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். ஹவாய்த் தீவில் 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், பயிற்சி நடந்த வேளையில் ஊழியர் ஒருவர் ஏவுகணை வருவதாக உண்மை எச்சரிக்கையையே அனுப்பிவிட்டார். அது தவறு என்ற மறுசெய்தி மக்களின் தொலைபேசிகளுக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. அந்த நிமிடங்களில் தாய்மார் பட்ட பாட்டை நினைத்தால், பதிலாளின் அவசியம் விளங்கும்.

நம் மாவட்டத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம்மைத் தாக்கியதை யாரும் மறக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசி அலை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கிடைப்பதில்லை. பின்னர் 2019-இல், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தியைப் படகுக்குக் கொண்டுவரும் 'ஜெமினி' என்ற கருவிமுறையை மற்ற அரசுத் துறைகளோடு சேர்ந்து வெளியிட்டது.

இப்போது, கற்பனையாக, நீங்களே அத்தகைய எச்சரிக்கைப் புரோகிராம் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பகுதி புயல் அறிக்கையைப் படித்து, எந்தெந்தப் படகுகள் ஆபத்து வட்டத்தினுள் இருக்கின்றன என்று கணக்கிடும். அந்தப் பட்டியலை 'அனுப்புநர்' என்னும் வேறொரு பகுதியிடம் கொடுக்கும். நாம் சோதிப்பது கணக்கிடும் பகுதியை. ஆகவே அனுப்புநருக்குப் பதிலாளை நிறுத்துகிறோம்.

அறிக்கை சொல்வது 60 கடல் மைல் சுற்றளவில் ஆபத்து என்று. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக, ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வரை ஆபத்து. நீங்கள் கவனக்குறைவாக 60 என்பதைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டீர்கள். 90 கிலோமீட்டர் தொலைவில் ஒரு படகு நிற்கின்றது. உண்மையில் அது ஆபத்தினுள் இருக்கின்றது. உங்கள் கணக்கிலோ வெளியே. ஆகவே அனுப்புநருக்குப் போவது வெற்றுப் பட்டியல். பதிலாள் என்ன செய்யும்?

தலையாட்டும் பதிலாளாயின் "ம்" என்று வாங்கிக்கொள்ளும். திரையில் பச்சை விளக்கு எரியும். நீங்களும் வீட்டுக்குப் போவீர்கள். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'நைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை என்று பொருள். எதிர்பாராத எந்தக் கேள்விக்கும் பூச்சியம் என்றோ, 'இல்லை' என்றோ, வெறுமையாகவோ பதில் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். நல்ல பிள்ளைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படகில் இருப்பவரை அது கேட்கவில்லை.

இரண்டாவது வகை, முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட பதிலாள். "உன்னிடம் ஒரே ஒரு முறை வருவார்கள், இந்த எண்ணுள்ள படகைக் கொண்டு வருவார்கள். வேறு எது வந்தாலும் கூச்சல் போடு" என்று சொல்லி நிறுத்துகிறோம். வெற்றுப் பட்டியல் வந்த மாத்திரத்தில் சோதனை நின்றுவிடும். சிவப்பு விளக்கு. தவறு கரையிலேயே பிடிபட்டது.

மூன்றாவது வகை இன்னும் கண்டிப்பானது. வருபவை சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொன்ன வரிசையிலும் வர வேண்டும். 2001-இல் ஜெர்மானியரான தம்மோ ஃப்ரீஸ் உருவாக்கிய 'ஈஸிமாக்' என்ற கருவியில் இம்மூன்று வகைகளும் பின்னர் தெளிவாகப் பிரிந்து அமைந்தன. கூகிள் நிறுவனத்தாரின் கருவியிலும் மூன்று உண்டு. ஆனால் பிரிவு வேறு. நல்ல பிள்ளைக்கும் கண்டிப்பானதற்கும் இடையில், சோதனையை நிறுத்தாமல் "யாரோ கூப்பிட்டார்களே, கூப்பிட்டார்களே" என்று முணுமுணுக்கும் ஒன்றை வைத்து, அதற்கு 'நச்சரிப்பது' என்ற பொருளில் பெயரிட்டார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் இந்த நச்சரிக்கும் பதிலாள்தான் கிடைக்கும். 'மாக்கிட்டோ' என்பது முதலில் தாராளமாகவே இருந்தது. பிற்காலப் பதிப்புகளில், பதிலாளுக்குக் கற்றுக்கொடுத்த வசனம் யாராலும் பயன்படுத்தப்படாமற் போனால் அதையும் குறையாகச் சொல்லும் கண்டிப்பைச் சேர்த்தார்கள். எனக்கு இது நல்ல யோசனையாகப் படுகின்றது. கற்றுக்கொடுத்த வசனத்தை யாரும் கேட்கவில்லை என்றால், அந்தக் காட்சியே நடக்கவில்லை என்றுதானே பொருள்!

தலையாட்டுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெய்யாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 'பைத்தான்' என்னும் கணிப்பொறி மொழியின் 3.3-ஆம் பதிப்பில், 2012-இல், பதிலாள் வசதி சேர்க்கப்பட்டது. அந்தப் பதிலாளுக்குத் தனியே கட்டுப்பாடு விதிக்காவிட்டால், அறியாத பெயரைக் கேட்டாலும் மறுக்காது. சோதனை முடிந்ததும் அதனிடமே, "உன்னை ஒரே ஒரு முறைதான் அழைத்தார்களா?" என்று விசாரிக்க வேண்டும். 'அசெர்ட் கால்டு ஒன்ஸ்' என்று எழுதிப் பலர் விசாரித்தார்கள். அப்படி ஒரு கேள்வி அந்நாளில் அதற்குக் கற்றுக்கொடுக்கப்படவே இல்லை! "இந்தக் கேள்வி எனக்குத் தெரியாது" என்று அது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசாரணையையும் நாடக வசனங்களுள் ஒன்றாக எண்ணித் தலையாட்டிவிட்டது. ஒரு முறையும் அழைக்காவிட்டாலும், ஒன்பது முறை அழைத்தாலும் பச்சை விளக்குத்தான். தேர்வு எழுதும் மாணவியிடமே "நீ தேறிவிட்டாயா?" என்று கேட்டு, அவள் "ம்" என்றதும் மதிப்பெண் போட்டதற்கு ஒப்பாகும். 2015-இல் வந்த 3.5-ஆம் பதிப்பில், விசாரணைச் சொல்லைப்போல் தோன்றும் அறியாத பெயர்களை மறுக்குமாறு அதைத் திருத்தினார்கள். 3.6-ஆம் பதிப்பில் அந்தக் கேள்வியையும் கற்றுக்கொடுத்தார்கள். உண்மையான பகுதியைப் பார்த்து அதில் உள்ள பெயர்களை மட்டுமே ஏற்கும் பதிலாளைச் செய்யவும் அதில் வழி உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூன்றாம் வகையாக வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு, செய்தும் பார்த்தேன். இரண்டு படகுகளுக்கு எச்சரிக்கை போக வேண்டும். எது முதலில், எது பின்னர் என்பதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கண்டிப்பான பதிலாளுக்கு வரிசை முக்கியம். யாரோ ஒருவர் பட்டியலை அகரவரிசைக்கு மாற்றினார்; புரோகிராமில் ஒரு தவறும் இல்லை; நாற்பது சோதனைகள் சிவப்பாயின. முதல் நாள் எல்லாரும் பதறினார்கள். அடுத்த வாரமும் இதே கதை. மூன்றாம் முறை யாரும் காரணத்தைப் பார்க்கவே இல்லை. பச்சையாகும் வரை சோதனையைத் திருத்திக்கொண்டே போனார்கள். "புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதைதான். அவ்வாறு திருத்தப்பட்ட நாற்பதில் ஒன்று மெய்யான புலியாக இருந்தது என்பதைப் பிறகே கண்டோம்.

எங்கே கண்டிப்பு, எங்கே தாராளம் என்று அறிய, நம் பக்கத்துக் கூடங்குளத்தில் 2011-இல் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். அந்த நிலையத்தைப் பற்றிய வாதங்கள் வேறு. அவற்றுள் நான் நுழையவில்லை. முதல் உலையில் யுரேனிய எரிபொருளை வைக்குமுன், 163 போலி எரிபொருட் கட்டுகளை வைத்து, தண்ணீரைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். போலிக் கட்டுகள் எடையிலும் அளவிலும் மெய்யானவற்றை ஒத்திருக்க வேண்டும். தண்ணீர் அவற்றினூடே அதேபோல் பாய வேண்டும். அந்தச் சோதனை கேட்ட கேள்வி அதுதான். ஆகவே அதில் தளர்வு கூடாது. ஆனால் உள்ளே யுரேனியம் கிடையாது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நம் எச்சரிக்கைப் புரோகிராமிலும் அவ்வாறே. எந்தப் படகு, எத்தனை முறை, என்ன செய்தி என்பவற்றில் பதிலாள் பிடிவாதமாக இருக்கட்டும். புயல் வலுவிழந்தது என்ற செய்தி எச்சரிக்கைக்கு முன்னால் போய்விடக்கூடாது. அந்த ஓரிடத்தில் வரிசையையும் கேட்கட்டும். நாட்குறிப்பு எழுதும் பகுதிக்கு நிறுத்தும் பதிலாள் எத்தனை வரி வந்தாலும் "ம்" என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் எவ்வளவு கண்டித்தாலும் பதிலாளால் இயலாது. கடல் மைலையும் கிலோமீட்டரையும் நாமே குழப்பி, அந்தக் குழப்பத்தையே பதிலாளுக்கும் சொல்லிக்கொடுத்தால், அது அதையே பிடிவாதமாகக் காக்கும். ஆகவே இறுதியில் மெய்யான ஒத்திகையும் வேண்டியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து அவ்வப்போது எச்சரிக்கை ஒத்திகை நடத்துகின்றன. 2018 செப்டம்பர் 4, 5 தேதிகளில் நடந்த ஒத்திகையில், செய்தி கிடைத்ததா என்று பார்த்ததோடு நிற்காமல், ஒடிசாக் கடற்கரை ஊர்களில் மக்களை மேட்டு நிலத்துக்கு நடத்திச் சென்றும் பார்த்தார்கள். ஜெமினியைப் போன்ற கருவியை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. அலை கிடைக்காத தூரத்துக்கு வள்ளத்தில் யாராவது அதைக் கொண்டுபோய், மணி அடிக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு வர வேண்டும்.