ஆறு பாடகர்கள், ஒரு பூச்செண்டு: கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போசி'

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூட பாண்டில் ஏதோவொரு வாத்தியம் வாசிக்கிறார்கள். மிருதங்க அரங்கேற்றத்துக்குப் போனால் தனி ஆவர்த்தனம் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் நாங்கள், பள்ளி மண்டபத்தில் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் முழங்கும்போது கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதோடு நின்றுவிடுகிறோம். என்ன வாசிக்கிறார்கள், அது ஏன் கடினம் என்று கேட்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பல்கலைக்கழக பாண்டில் சேர்ந்த மகள் ஒருநாள் இசைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "அப்பா, இதில் ஒவ்வொரு வரியிலும் தாளம் மாறுகிறது, எல்லோரும் பயப்படுகிறார்கள்" என்று காட்டியபோதுதான் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டேன். அந்தத் தாளின் தலைப்பு 'லிங்கன்ஷயர் போசி'.

போசி என்றால் சிறு பூச்செண்டு. லிங்கன்ஷயர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள விவசாய மாவட்டம். இதை எழுதிய பேர்சி கிரெய்ஞ்சர் 1882இல் மெல்பேர்ணில் பிறந்து, ஜேர்மனியில் படித்து, லண்டனில் பியானோக் கலைஞராகப் பெயர் எடுத்து, பின்னர் அமெரிக்கக் குடிமகனாகி, 1961இல் அங்கேயே காலமானவர். முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ பாண்டில் சேர்ந்து ஓபோவும் சாக்சபோனும் வாசித்தவர் என்பதால், பாண்ட் வாத்தியங்களை உள்ளிருந்து அறிந்தவர்.

கொன்சேர்ட் பாண்டில் வயலின் குடும்பம் கிடையாது. ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும்தான். 1930களில் இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் அணிநடை இசையையும், ஓர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியவற்றின் மாற்று வடிவங்களையுமே வாசித்தன. பாண்டுக்கென்றே எழுதப்பட்ட கனமான படைப்புகள் மிகச் சில. ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய முதல் சூட் அவற்றில் ஒன்று. அந்த நிலையில், அமெரிக்க பாண்ட் நடத்துநர் சங்கத்தின் மாநாட்டுக்காக 1937இல் கிரெய்ஞ்சர் ஆறு பகுதிகள் கொண்ட இந்தப் படைப்பைக் கொடுத்தார். மொத்தம் ஏறக்குறைய 16 நிமிடம்.

ஆனால் கதை தொடங்குவது 1905இல். அந்த ஆண்டு லிங்கன்ஷயரின் பிரிக் என்ற சிற்றூரில் நடந்த இசைப் போட்டிக்கு கிரெய்ஞ்சர் போனார். அங்கே நாட்டுப்பாடல் பாட வந்தவர்கள் ஊர் முதியவர்கள். எஸ்டேட் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த ஜோசப் டெய்லர் என்பவரின் குரல் அவரை அப்படியே கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டு மெழுகு உருளையில் ஒலிப்பதியும் ஃபோனோகிராஃப் கருவியோடு திரும்பி வந்தார். பிரித்தானியாவில் நாட்டுப்பாடல் சேகரிக்க அந்தக் கருவியைப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அந்தக் கருவிதான் எல்லாவற்றையும் மாற்றியது. காதால் கேட்டு எழுதுபவர் தம்மை அறியாமலேயே பாட்டைத் திருத்திவிடுவார். பாட்டி ஓரிடத்தில் அரை அட்சரம் கூட இழுத்தால், மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து நேராக்கி எழுதுவார். உருளையை மெதுவாகச் சுழற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கிரெய்ஞ்சருக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த இழுப்பும் குறைப்பும் தவறுகள் அல்ல. பாடுபவரின் பாணி அது. ஒரே பாட்டின் ஒவ்வொரு சரணத்தையும் அவர்கள் வேறு வேறாகப் பாடினார்கள்.

ஆகவே 30 ஆண்டுகள் கழித்து இதை எழுதியபோது, ஒவ்வொரு பகுதியையும் அந்த மெட்டைப் பாடிய மனிதரின் உருவப்படமாகவே அமைத்தார். படைப்பின் கடினம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

முதற்பகுதி 'லிஸ்பன்', கடலோடியின் பாட்டு. பாடியவர் டீன் என்ற முதியவர், பிரிக் ஊரின் ஏழைகள் விடுதியில் இருந்தவர். 1905இல் பாடத் தொடங்கியதும் பழைய நினைவுகள் பொங்கி அழுதுவிட்டார். இதயம் பலவீனமானவர், வற்புறுத்த வேண்டாம் என்று விடுதிப் பொறுப்பாளர் தடுத்தார். மறு ஆண்டு கிரெய்ஞ்சர் போனபோது அவர் தலையில் காயத்தோடு படுக்கையில் கிடந்தார். பாட முடியாது என்றவருக்கு, மற்றவர்கள் பாடிய உருளைகளை கிரெய்ஞ்சர் போட்டுக் காட்டினார். அதைக் கேட்டதும் கிழவர் தானும் பாடுவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது 'ஹோர்க்ஸ்டோ கிரேஞ்ச்': கஞ்ச முதலாளிக்கும் அவர் வேலையாளுக்கும் நடந்த சண்டை. 'ஸ்டீலை ஸ்பான்' என்ற ஆங்கில நாட்டார் ரொக் குழு தன் பெயரை எடுத்தது இந்தப் பாட்டில் வரும் ஒரு பாத்திரத்திடமிருந்துதான்.

மூன்றாவது, வாசிப்பவர்களை நடுங்க வைக்கும் 'ரஃபர்ட் பார்க் போச்சர்ஸ்'. பிரபுவின் காட்டில் திருட்டு வேட்டைக்குப் போனவர்களுக்கும் காவலர்களுக்கும் நடந்த மோதல். டெய்லரின் நடையை அப்படியே எழுதியதால் நான்கு, ஐந்து, மூன்று என அட்சரக் கணக்கு ஓயாமல் மாறுகிறது. எங்கள் மிஸ்ர சாப்பில் ஏழு என்றால் கடைசிவரை ஏழு. ஒருமுறை பிடித்துக்கொண்டால் கை தானாகப் போடும். இங்கே அந்த வசதி இல்லை. போதாததற்கு, ஒரு சோடி வாத்தியங்கள் மெட்டைத் தொடங்க, இன்னொரு சோடி அதையே சற்றுப் பின்னால் துரத்தி வருகிறது. ஒருவர் எண்ணிக்கை பிசகினால் எல்லாம் குலையும். நடுவில் வரும் தனி வாசிப்புக்கு கிரெய்ஞ்சர் இரண்டு வடிவங்கள் கொடுத்திருக்கிறார்: ஒன்றில் ஃபுளூகல்ஹோர்ன், மற்றதில் சொப்ரானோ சாக்சபோன்.

நான்காவது, காதலியை மணக்கத் திரும்பிவரும் மாலுமியின் பாட்டு; துள்ளலும் இனிமையும். ஐந்தாவது 'லோர்ட் மெல்பேர்ண்' என்ற போர்ப் பாட்டு. இதைப் பாடிய ஜோர்ஜ் ரே சிறுவயதில் செங்கல் சூளையிலும் பிறகு கப்பலில் சமையல்காரராகவும் வேலை செய்தவர். இதில் சில இடங்களில் தாளமே கிடையாது. விருத்தம் பாடுவதுபோல, நடத்துநர் தம் மனம் போனபடி நீட்டலாம், குறைக்கலாம். விருத்தத்தில் ஒரு தொண்டை. இங்கே ஐம்பது பேர் ஒரே மூச்சில் விருத்தம் பாட வேண்டும். ஆறாவது 'தொலைந்த பெண் கிடைத்தாள்', ஒரே சீரான தாளத்தில் நடனமாக ஓடி முடிகிறது. இது மட்டும் லூசி பிராட்வுட் என்ற பெண்மணி சேகரித்த மெட்டு.

1937 மார்ச் 7ஆம் திகதி மில்வோக்கி நகரில் முதல் அரங்கேற்றம். வாசித்தவர்களில் அந்நகரின் பியர் தொழிற்சாலைகளுடைய தொழிலாளர் பாண்டுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆறில் மூன்று பகுதிகள்தான் அன்று மேடையேறின. இந்தத் தாளங்களைக் கண்டு பின்வாங்குபவர்கள், இசையைவிட பியரைப் பெரிதாக எண்ணும் அனுபவசாலிகள் மட்டுமே என்று கிரெய்ஞ்சர் பின்னர் முன்னுரையில் குத்தலாக எழுதினார். அச்சான தாள்களிலும் பிழைகள் மலிந்திருந்தன. நடத்துநர் ஃபிரெடெரிக் ஃபென்னெல் அவற்றைச் சீர்செய்து முழுமையான பதிப்பைக் கொண்டுவந்தது 1987இல்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிரெய்ஞ்சர் நோர்டிக் இனமே உயர்ந்தது என்ற எண்ணம் கொண்டவர். இசைத்தாளில் இத்தாலியச் சொற்களைத் தவிர்த்து எளிய ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியதற்கும் அந்த எண்ணம் ஒரு காரணம். எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் ஏழைகள் விடுதியில் கிடந்த கிழவரின் இழுப்பை 'தவறு' என்று திருத்தாமல் விட்டவரும் அதே மனிதர்தான்.

எங்கள் வீட்டில் அம்மம்மா பாடிய தாலாட்டு ஒன்று கசெட்டில் இருக்கிறது. தாளம் நிற்கவில்லையே என்று முன்பு குறைபட்டிருக்கிறேன். மகளின் கச்சேரி முடிந்து வந்த இரவு அதை இருவரும் மறுபடி போட்டுக் கேட்டோம். அவள் பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினாள். முதல் வரி ஐந்து, அடுத்தது நான்கு, அடுத்தது ஐந்தரை. இரண்டாம் சரணம் வேறு கணக்கு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கசெட் இருக்கலாம். அது பழுதாகுமுன் எடுத்துக் கேளுங்கள். அப்படியே 'லிங்கன்ஷயர் போசி'யையும் கேளுங்கள்.