தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரைகள்

என் அக்கா மகளுக்கு 31 வயது. பரனூர் மஹிந்திரா சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. போன வருஷம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சித்தி, நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள். கையில் ஒரு கன்சல்டன்சி கொடுத்த ஃபைல். பிரிட்டனில் நாலே வருஷத்தில் மருத்துவப் பட்டம், நீட் வேண்டாம், விண்ணப்பக் கட்டுரையை அவர்களே எழுதித் தருவார்கள். முன்பணமாக 60,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் அசல் மார்க்ஷீட்டும் ஏற்கெனவே கைமாறியிருந்தன.

இந்த வயதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இருந்த 25 வயது உச்சவரம்பு 2022 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது. 2025-இல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மகளோடு சேர்ந்தே நீட் எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். இவள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப், உயிரியல் படிக்கவில்லை. அதற்கும் வழி உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. தகுதி இருந்தும் இது தெரியாமலே வெளிநாட்டு ஏஜென்ட்டிடம் போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஃபைலில் இருந்த ஆபத்து வேறு. ஆணையத்தின் 2021 நவம்பர் விதிப்படி, வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய வேண்டுமானால் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதன்பின் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதியும் வேண்டும். நாலு வருஷம் என்றால் 48 மாதம். கணக்கு அங்கேயே இடிக்கிறது. வெளிநாடு போய்ப் படித்துத் திரும்புகிறவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். "நீட் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், திரும்பி வந்து இங்கே மருத்துவம் பார்க்க முடியாது என்பதை அவர் மறைக்கிறார்.

அடுத்து அந்தக் கட்டுரை. நம் ஊரில் நீட் மதிப்பெண்தான் எல்லாம். ஏன் மருத்துவம் என்று யாரும் எழுதச் சொல்வதில்லை. பிரிட்டனில் கேட்பார்கள். அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிப்பவர்கள் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளுக்கு எழுத வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவும், படிப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளியும் உட்பட, 4,000 கேரக்டர்தான். மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும்.

கன்சல்டன்சி எழுதித் தந்தது, "சிறு வயதிலிருந்தே மருத்துவராவது என் கனவு" என்று ஆரம்பித்தது. அவள் சிறு வயதில் அப்படி ஒரு கனவும் கண்டதில்லை. இதே வரி இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்குமோ! யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் பழைய கட்டுரைகளோடு மென்பொருளில் ஒப்பிடுகிறது. ஒரே மாதிரி இருந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போய்விடும். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதையும் ஏமாற்றாகவே பார்க்கிறார்கள். கட்டுரையில் தப்பினாலும் நேர்காணலில் உட்கார்ந்து பேச வேண்டியவள் இவள்தான்.

"சரி, நிஜமா எப்பம்மா தோணிச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்.

அவள் அப்பாவுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் இறங்கவே இல்லை. அதற்கான மாத்திரையைப் பற்றி டாக்டர் கேட்டால், "வேளா வேளைக்குப் போட்டுடறேன் சார்" என்பார். இவள் மாத்திரை அட்டைகளை எடுத்து நாள் கணக்கோடு ஒத்துப் பார்த்தாள், ஆபீஸில் பிழை தேடுகிற அதே பழக்கத்தில். 17 மாத்திரை இடித்தது. தலையணைக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தன. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அது. குமட்டலால் மதியச் சாப்பாட்டையே அவர் விட்டிருந்தார். அதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பயம். அவள் அதை டாக்டரிடம் சொன்ன பிறகு மருந்து நேரமும் மாறியது, ஆகாரமும் மாறியது.

"இதை எழுதேன்டி" என்றேன். வேலை மாறி வருகிறவர்கள் பழைய வேலையை மறைக்கப் பார்க்கிறார்கள். அது தவறு. ஒன்பது வருஷம் பிழை தேடிய கண் இல்லாவிட்டால் அந்த 17 மாத்திரை வெளியே வந்திருக்குமா?

கொடுத்த பணத்தை மீட்கவும் வழி இருந்தது. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, பாஸ்போர்ட்டையும் மார்க்ஷீட்டையும் பணத்தையும் திருப்பிக் கேட்டு முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பலன் இல்லாவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915-ஐ அழைக்கலாம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதிலேயே பாஸ்போர்ட்டும் மார்க்ஷீட்டும் வந்துவிட்டன. பணத்தில் பாதி இன்னும் வர வேண்டும்.

அவள் இப்போது உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதத் தயாராகிறாள். பரனூரிலிருந்து திரும்பும் மின்சார ரயிலில் படிப்பு. நேற்று கொளவாய் ஏரி தாண்டும்போது போன் செய்தாள்: "சித்தி, சிறுநீரகம் பாடம் ஆரம்பிச்சிட்டேன்."