மூன்றாவது கம்பி எதற்காக?

வைத்தியசாலையில் கடும் நோயாளரின் கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் கருவியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நோயாளரின் நெஞ்சில் ஒட்டப்பட்ட வயர்கள் அதனுடன் இணைந்திருக்கும். அக்கருவிக்கு மின் வரும் வயரினுள் மூன்று கம்பிகள் உண்டு: உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, 'ஏர்த்' எனப்படும் புவிக்கம்பி. மூன்றாவது இல்லாமலும் கருவி இயங்கும். அதனாற்றான் சிலர் அதனை வெட்டி விடுகின்றனர். இது ஆபத்தானது.

உள்ளே பழுது ஏற்பட்டு 230 வோல்ற்று மின் கருவியின் உலோக உடலுக்கு வந்தால், புவிக்கம்பியே அதனை மண்ணுக்குக் கொண்டுசெல்லும். உடனே ட்ரிப் சுவிட்ச் விழும். புவிக்கம்பி இல்லையேல், தொடுபவரின் உடலே பாதையாகும்.

ஈரக் கையால் மோட்டரைத் தொடக்கூடாதென்பது விவசாயிகளாகிய நாம் அறிந்ததே. ஈரத்தோல் மின்னை எளிதிற் கடத்தும். நோயாளரின் நெஞ்சில் ஒட்டும் பசையும் தோலை அவ்வாறே ஆக்குகிறது. வயரோ குழாயோ இதயத்தினுள்ளே செலுத்தப்பட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வழமையான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும். இதயத்துடன் நேரே தொடுக்கப்படும் கருவியில், பழுதற்ற நிலையில், சர்வதேச நியமம் அனுமதிக்கும் கசிவு அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. எனவே ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று புவிக்கம்பியை அலட்சியம் செய்யலாகாது.

கிராமச் சிகிச்சை நிலையத்திலோ தற்காலிகக் கொட்டிலிலோ கருவி பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. புவிக்கோலை ஈரம் நிற்கும் மண்ணில் ஆழமாக இறக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் இது கடினம். கோடையில் மண் காய்ந்தால் அதன் பயன் குறையும். ஆகவே தகுதியுள்ள மின்னியலாளர் மானி கொண்டு அளந்து பார்க்க வேண்டும்.

2. புவிக்கம்பிக்குப் பதிலாக, பிளக்கினுள் நொதுமல் கம்பியை ஏர்த் முனையுடன் இணைக்கக் கூடாது. நொதுமல் கம்பி அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்னேறும்.

3. ஒரே நோயாளருக்கான கருவிகள் யாவும் ஒரே இடத்துப் புவித்தொடுப்பிலிருந்து மின் பெற வேண்டும்.

4. மின்பிறப்பாக்கியில் இயக்கும்போதும் புவித்தொடுப்பு அவசியம்.

நோயாளருக்குத் துணையிருப்போருக்கும் பொறுப்புண்டு. கருவியின் பிளக்கைக் கழற்றிக் கைத்தொலைபேசிக்கோ கேத்தலுக்கோ மின் எடுக்காதீர்கள். கட்டிலையோ கருவியையோ தொடும்போது சிறிது சுரீரென்றாலும் உடனே தாதியிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஓர் உயிர் அதில் தங்கியிருக்கலாம்.