கிருமிக்கு அக்காரவடிசல்!

ஸ்ரீரங்கத்துக்காரன் மீனைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். பெருமாளே முதல் அவதாரம் மச்சமாகத்தான் எடுத்தார். தவிர, ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று நடுவில் குடியிருந்துகொண்டு மீனே தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

திருச்சி மார்க்கெட்டில் கிடக்கும் கட்லா, ரோகு பலவும் ஆற்றில் பிடித்தவை அல்ல. குளத்தில் தீனி போட்டு வளர்த்தவை. குளத்தில் மீன்களை நெருக்கிப் போட்டால், காலை எட்டரை மணி சத்திரம் பஸ் கதைதான். ஒருத்தருக்கு ஜலதோஷம் என்றால் எல்லாருக்கும்! ஏரோமோனாஸ் என்றொரு பாக்டீரியா நுழைந்தால் தோலில் ரத்தத் திட்டு, புண். அப்புறம் மீன் மிதக்கும். போட்ட முதல் போச்சு.

பதறிப்போய்த் தீனியில் ஆன்டிபயாடிக் கலக்கிறார்கள். சீக்கு வந்த மீன் சரியாகச் சாப்பிடாதே! மருந்து தண்ணீரிலும் சேற்றிலும் போய்ச் சேருகிறது. அரைகுறை டோஸில் சாகாத கிருமி பெருகுகிறது. மருந்தைச் சமாளிக்கும் வித்தையை மற்ற ஜாதிக் கிருமிகளுக்கும் ஜீன் துண்டாகத் தானம் செய்கிறது. நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ காய்ச்சல் வந்தால் அதே மருந்து கைவிரிக்கலாம். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்றவற்றுக்கு மீன், இறால் வளர்ப்பில் இந்தியா தடை போட்டதும் சும்மா இல்லை.

புது மருந்து கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும், கோடிக்கணக்கில் செலவு. பழைய கத்தியையே சாணை பிடித்தால் என்ன?

2015-ல் சீனாவில், குவாங்ஜோ நகரத்து சன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார்கள். மீன்களைத் தாக்கும் எட்வர்ட்ஸியெல்லா டார்டா என்ற கிருமி. கானமைசினுக்கு மசியாத ரகம். சோதித்துப் பார்த்தால் அதன் உடம்பில் குளுகோஸும் அலனைன் என்ற அமினோ அமிலமும் ரொம்பக் குறைவு. சரி என்று அவற்றை ஊட்டி, கூடவே கானமைசினும் கொடுத்தார்கள். ஆசாமி காலி!

சூட்சுமம் இதுதான். கானமைசினைக் கிருமியே தன் சக்தியைச் செலவழித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சோர்ந்து கிடக்கும் கிருமி இழுக்காது; பிழைத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்கிளார்க்கிடம் ஃபைல் நகருமா? ஒரு டிகிரி காபி உள்ளே போனால் கை நீட்டி வாங்குவார். குளுகோஸும் அலனைனும்தான் அந்தக் காபி. கிருமி சுறுசுறுப்பாகி, மருந்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. சிறுநீர்த் தொற்று வந்த எலிகளிடமும் இந்தக் கூட்டணி பலித்தது.

"அப்ப மீன் குழம்புல சர்க்கரை போடணுமா ஸார்?" என்றார் என் ஆபீஸ் நண்பர் (வாரம் மூன்று நாள் மீன்).

வேண்டாமய்யா, குழம்பு கொதித்தாலே கிருமி அவுட். குளத்திலும் மூட்டையைக் கொட்டிவிடக் கூடாது. கண்ட நுண்ணுயிரும் பெருகி, ஆக்ஸிஜன் குறைந்து, மீன் மூச்சுத் திணறும். எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இந்த வித்தை பொருந்தாது. அளவு, மருந்து, கிருமி மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

அதுவரை மீன் வளர்ப்பவர்களுக்கு நெருக்கத்தைக் குறைப்பதும், தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும், நோயை டெஸ்ட் பண்ணிவிட்டு மருந்து கொடுப்பதும்தான் வழி.

நமக்கு? டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில், "அந்தச் சிவப்பு கேப்ஸ்யூல் ரெண்டு குடுங்க" என்று கேட்காமல் இருப்பது. குளத்து மீனுக்காவது விவரம் தெரியாது. நாம் படித்தவர்கள் ஆயிற்றே!