நாருக்கு ஒரு நொதியம்

போன பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து வந்த தம்பி உம்மாவுக்கு ஒரு மாத்திரைப் போத்தல் கொண்டுவந்தான். "சமிபாட்டுக்கு நல்லதாம்" என்றான். உம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. பல மாதமாக மலச்சிக்கல். "வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு மகன்" என்று என்னிடம் மட்டும் சொல்வா. டாக்டரிடம் சொல்ல வெட்கம்.

போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தேன்: அமிலேஸ், லைபேஸ், புரோட்டியேஸ், கடைசியில் செலுலேஸ். "இதெல்லாம் என்ன மகன்?" என்று உம்மா கேட்டா. தமிழ் படிப்பிக்கிற எனக்கு உடனே பதில் வரவில்லை. விஞ்ஞான ஆசிரியரான நண்பரிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். கல்முனைப் பக்கத்தில் இன்று பல வீட்டு அலுமாரிகளில் இப்படியொரு போத்தல் இருக்கிறது.

நொதியம் என்ற சொல்லிலேயே பாதி விளக்கம் உண்டு. அப்பமா இரவில் நொதித்துப் பொங்குகிறதல்லவா, அந்த நொதித்தலிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்தில் வழங்கும் என்சைம் என்ற சொல்லையும் ஜேர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கியூனே, 'புளித்த மாவில் இருப்பது' என்ற பொருள்பட கிரேக்க மொழியிலிருந்து ஆக்கினார். உணவின் பெரிய மூலக்கூறுகளைச் சிறிதாக வெட்டுவதே சமிபாட்டு நொதியங்களின் வேலை.

சோற்றிலுள்ள மாப்பொருளும் கீரைத் தண்டிலுள்ள செலுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. சொற்கள் புணரும் விதத்தால் பொருள் மாறுவதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அதுபோல. எச்சிலிலுள்ள அமிலேஸ் மாப்பொருளின் பிணைப்பை வெட்டும், செலுலோஸைத் தொடாது. அதை வெட்டுவது செலுலேஸ். அது ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒன்று சங்கிலியை நடுவில் அறுக்கும். ஒன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். இன்னொன்று அந்தச் சோடியைப் பிரிக்கும்.

மனித உடல் செலுலேஸைச் சுரப்பதில்லை. வட்டையில் வைக்கோல் தின்னும் மாடு சுரக்கிறதா? அதுவும் இல்லை. உழ்ஹிய்யா மாட்டின் வயிற்றைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள், முதல் இரைப்பை நிறையப் பாதி அரைந்த புல் புளித்த மணத்தோடு கிடக்கும். அங்கே வாழும் நுண்ணுயிர்களே செலுலேஸைத் தருகின்றன. மாடு அசைபோட்டு அரைத்துக் கொடுக்கிறது. வேலையை அவை பார்க்கின்றன. அதற்கும் நீண்ட நேரம் எடுக்கிறது.

மனிதன் இந்த நொதியத்தைக் கைப்பற்றிய கதை இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குகிறது. சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போயின. அங்கே கிடைத்த ஒரு பூஞ்சணத்தை எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் ஆகியோர் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். ரீஸின் பெயராலேயே அது இன்று டிரைக்கோடெர்மா ரீசெய் எனப்படுகிறது. சலவைத் தூள், துணி, பழச்சாறு என்று பல தொழில்களுக்கு வேண்டிய செலுலேஸ் இத்தகைய பூஞ்சணங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது.

நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செலுலேஸ் பூஞ்சணத்திலிருந்து வந்தாலும், சில மாத்திரைகளில் சேரும் பங்கிரியாட்டின் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. கூட்டின் ஜெலற்றினும் விசாரிக்க வேண்டியதே. ஆனால் கணைய நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுப்பதே முறை.

சரி, செலுலேஸ் மாத்திரை மலச்சிக்கலைத் தீர்க்குமா? அப்படி எதிர்பார்ப்பதற்கு நியாயம் இல்லை. இரைப்பையில் இறுகிப்போன தாவர நார்க்கட்டியைக் கரைக்க வைத்தியர்கள் செலுலேஸைப் பயன்படுத்தியதுண்டு. அது வேறு நோய். மற்றபடி நார் சமிக்காமல் பெருங்குடல்வரை போவதுதான் நமக்கு நன்மை. அது நீரைப் பிடித்து மலத்தை இளக்குகிறது. நாரில் ஒரு பகுதியைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை ஆக்குகின்றன. குடற்சுவரின் கலங்களுக்கு அதுவே முக்கிய உணவு. சில மனிதரின் குடலில் செலுலோஸையே உடைக்கும் பற்றீரியாக்களும் உண்டு. கிராமத்து உணவு உண்போரைவிட நகர வாழ்க்கைக்கு மாறியவர்களிடம் அவை மிக அரிதாகிவிட்டன என்று 2024இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வு சொல்கிறது.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாமோ நெல்லைத் தீட்டித் தவிட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சோறும் கோதுமை மா ரொட்டியும் சாப்பிடுகிறோம்.

கடைசியில் உம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மலத்தோடு இரத்தம் போகிறதா, உடல் மெலிந்ததா என்று அவர் முதலில் கேட்டார். இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதாம். பிறகுதான் விசயம் வெளியே வந்தது. பல் விழுந்ததால் உம்மா கீரையை விட்டிருக்கிறா. முழங்கால் வலியோடு இரவில் எழும்பப் பயந்து தண்ணீரையும் குறைத்திருக்கிறா. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இரண்டுமே தெரியாது.

இப்போது முருங்கை இலையும் வல்லாரையும் பொடியாக அரிந்து கஞ்சியில் போடுகிறோம். பயறும் குரக்கனும் வீட்டுக்கு வருகின்றன. தண்ணீரைப் பகலிலேயே குடிக்கச் செய்கிறோம். நாரை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். "மாட்டுக்குப் போடுற தவிட்டையும் எனக்குத் தரப்போறியா?" என்று உம்மா சிரிக்கிறா. வயிறு இளகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் வயதான உம்மா, வாப்பா இருந்தால் போத்தல் வாங்குமுன் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்: என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க, மெல்ல ஏலுதா என்று.