தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொண்ட குழு

1986 ஜனவரி 18. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சாட்டர்டே நைட் லைவ்' நேரலையில் பாடவிருந்த பாயின்டர் சிஸ்டர்ஸ் வர முடியாமல் போக, அந்த வாய்ப்பு 'ரீப்ளேஸ்மென்ட்ஸ்' என்ற ராக் குழுவுக்குக் கிடைத்தது. பல குழுக்கள் வருடக்கணக்கில் தவம் கிடக்கும் மேடை அது. நால்வரும் குடித்துவிட்டு ஏறினார்கள். முதல் பாட்டின் நடுவே பாடகர் பால் வெஸ்டர்பெர்க் சக கலைஞரை நோக்கி ஒரு கெட்ட வார்த்தையை வீச, அது அப்படியே ஒளிபரப்பானது. அடுத்த பாட்டுக்கு ஒருவர் சட்டையை இன்னொருவர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழுவுக்கு அங்கே மறுபடி இடம் கிடைக்கவில்லை.

மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் 1979-ல் தொடங்கிய கதை இது. கிட்டார் வாசித்த பாப் ஸ்டின்சன், தன் தம்பி டாமி தெருவில் சுற்றிக் கெட்டுப்போய்விடக் கூடாதென்று 11 வயதிலேயே அவன் கையில் பேஸ் கிட்டாரைக் கொடுத்துப் பழக்கியிருந்தார். டிரம்ஸுக்கு கிறிஸ் மார்ஸ். ஸ்டின்சன் வீட்டின் கீழ்த்தளத்தில் இவர்கள் போட்ட சத்தம், வேலை முடிந்து அந்த வழியாக நடந்துபோன வெஸ்டர்பெர்க்கின் காதில் விழுந்தது. ஒரு செனட்டரின் அலுவலகத்தில் துப்புரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பாடல் எழுதவும் பாடவும் சேர்ந்துகொண்டார். இவர்களது ஒலிநாடா, உள்ளூர் இசைத்தட்டுக் கடையின் மேலாளர் பீட்டர் ஜெஸ்பர்சனிடம் போனது. 'ட்வின்/டோன்' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1981-ல் முதல் ஆல்பம் வந்தபோது டாமிக்கு 14 வயது.

ஆரம்பப் பாடல்கள் வேகமும் கூச்சலுமான பங்க் ராக். 1984-ல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு, கொஞ்சமும் கூசாமல் பீட்டில்ஸின் 'லெட் இட் பி' தலைப்பையே வைத்தார்கள். அட்டையில் நால்வரும் ஸ்டின்சன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருப்பார்கள். டாமிக்கு டான்சில் ஆபரேஷன் நடப்பதாக ஒரு கிண்டல் பாட்டும், தொலைதூரத்தில் இருக்கும் ஒருத்திக்கு போன் செய்து, பதிவு இயந்திரத்தின் குரலை மட்டுமே கேட்டுப் புழுங்குகிறவனின் பாட்டும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டாவதில் டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை. வெஸ்டர்பெர்க்கும் அவரது மின்கிட்டாரும் மட்டும்தான். இந்தக் கலவைதான் ரசிகர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது.

பெரிய நிறுவனமான சையர் ரெக்கார்ட்ஸ் 1985-ல் இவர்களை ஒப்பந்தம் செய்து 'டிம்' ஆல்பத்தை வெளியிட்டது. எம்.டி.வி.யில் வீடியோ ஓடினால்தான் பாட்டு விற்கும் என்ற காலம். இவர்கள் கொடுத்த வீடியோவில் தெரிந்தது ஒரு ஸ்பீக்கர். கறுப்பு வெள்ளையில், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா மெல்லப் பின்னால் நகர, சோபாவில் யாரோ புகைபிடித்துக்கொண்டிருப்பது தெரியும். முகம் தெரியாது. கடைசியில் அந்த ஆள் ஸ்பீக்கரை ஓர் உதை விட்டுவிட்டுப் போய்விடுவார். குழுவினரில் ஒருவர்கூட முகம் காட்டவில்லை! இன்னொரு சமயம், பழைய நிறுவனமான ட்வின்/டோன் மீதிருந்த கோபத்தில், தங்கள் மூல ஒலிநாடாக்கள் என்று நினைத்தவற்றை அங்கிருந்து அள்ளிக்கொண்டுபோய் மிசிசிப்பி ஆற்றில் வீசினார்கள்.

இந்தக் கூத்துகளை ரசிகர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் பாப். குடியும் போதையும் கட்டுக்கடங்காமல் போக, 1986-ல் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். தம்பியைக் காப்பாற்ற அண்ணன் தொடங்கிவைத்த இசையில் தம்பி மட்டும் மிஞ்சினார். 1995-ல் பாப் இறந்தபோது அவருக்கு வயது 35.

பாப் இல்லாமலேயே மெம்ஃபிஸ் நகரில் பதிவான 'ப்ளீஸ்டு டு மீட் மீ' ஆல்பம் 1987-ல் வெளிவந்தது. 1989-ல் 'ஐ'ல் பி யூ' பாடல் பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் எல்லா வகைப் பாடல்களும் போட்டியிடும் 'ஹாட் 100' பட்டியலில் 51-ஐத் தாண்டவில்லை. அவர்கள் எட்டிய உச்சம் அவ்வளவுதான். 1991 ஜூலை 4 அன்று சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் கடைசிக் கச்சேரி. ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்க, அவர்களது உதவியாளர்கள் வாத்தியங்களை வாங்கி வாசித்து முடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்து, மாற்று ராக் இசையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவர்களைக் கேட்டு வளர்ந்த கிரீன் டே, கூ கூ டால்ஸ் குழுக்கள் கோடிகளில் புரண்டன. டாமி பின்னாளில் கன்ஸ் அண்ட் ரோசஸில் வாசித்தார், மார்ஸ் ஓவியரானார். 2013-ல் வெஸ்டர்பெர்க்கும் டாமியும் மறுபடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் மேடையேறினார்கள். கூட்டம் முண்டியடித்தது.

'டிம்' ஆல்பத்தின் ஒலி சோனியாக இருக்கிறது, டிரம்ஸ் எங்கோ தூரத்தில் கேட்கிறது என்று ரசிகர்கள் பல வருடங்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் ஒலிப்பதிவு வல்லுநர் எட் ஸ்டேசியம் அதை மறு மிக்ஸிங் செய்து தந்தார். மார்ஸின் அடியும் பாபின் கிட்டாரும் இப்போதுதான் முழு பலத்தோடு கேட்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் இந்தப் பதிப்பிலிருந்தே தொடங்கலாம். குறிப்பாக, மதுக்கடையே கதியென்று கிடக்கும் ஒருவனின் தனிமையைப் பாடும் 'ஹியர் கம்ஸ் எ ரெகுலர்'. குடித்துக் கும்மாளமிட்ட குழு என்று பெயரெடுத்தவர்கள், குடியின் மறுபக்கத்தை 1985-லேயே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள்.